அடுத்த நடை

உருளைக்கிழங்குப் பையைக் கையில் தூக்கிப் பார்த்து, "கொஞ்சம் கூடவே போட்டுட்டம்மா, உனக்குத்தான் நஷ்டம்" என்கிறார் எதிர்வீட்டு விமானி. காய்கறிக்காரி தராசில் வைத்துப் பார்க்கிறாள். அவர் சொன்னது சரிதான். "நீங்க இருக்கையில நான் எதுக்குங்க இந்தத் தராசைச் சுமக்கணும்?" என்று சிரிக்கிறாள்.

போர்க்காலத்தில் இராணுவச் சரக்கு விமானம் ஓட்டியவர். எடை பார்ப்பது தொழிலாக இருந்து பழக்கமாகவே ஒட்டிக்கொண்டது. சோபாவில் எல்லோரும் ஒரே பக்கம் அமர்ந்தால், "ரெண்டு பேர் இந்தப் பக்கம் வாங்களேன், கவுந்துரும்" என்பார். ஆனால், அப்படி அமர ஆள் வருவது அரிது. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கூடத்தில் வானொலியைப் பாடவிட்டுத் தாம் சமையலறையில் இருப்பார். "உள்ள யாரோ இருக்காப்ல இருக்கும், அதுக்குத்தான்."

அலமாரியில் இருந்த வீரப் பதக்கம் எதற்குக் கிடைத்தது என்று ஒருமுறை கேட்டேன். "வெறுங்கையோட திரும்பி வந்ததுக்கு" என்றார்.

பிறகு அவரே விவரித்தார்: மலையிடுக்கில் குட்டையான ஓர் ஓடுதளம். சுற்றிலும் குண்டுகள் விழ, எஞ்சினை நிறுத்தாமலே காயம்பட்டவர்களை ஏற்றினார்கள். இனி ஓர் ஆள் ஏறினாலும் விமானம் எழும்பாது என்ற நிலையில், தூக்குப்படுக்கையில் இன்னும் ஒருவர் கிடந்தார். துணை விமானியான இளைஞர் இருக்கையின் இடுப்புவாரைக் கழற்றினார். "உட்காருடா, இது உத்தரவு" என்று இவர் கத்தினார். "அடுத்த நடையில என்னை அள்ளிக்கோங்க சார்" என்று குதித்த இளைஞர், கீழே கிடந்தவரை உள்ளே ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து கதவை அடைத்துவிட்டார்.

காயம்பட்டவர்களை இறக்கியதும், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், இவர் தனியாகத் திரும்பினார். ஓடுதளம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஓர் எஞ்சின் தீப்பற்றும்வரை, துப்பாக்கிச் சூட்டினிடையே தாழப் பறந்து சுற்றினார். கீழே கையசைக்க எவரும் இல்லை.

அந்த இளைஞரின் மனைவி ஆண்டுதோறும் அதே நாளில் இவரைக் காண வருவார். "அண்ணா" என்றே அழைப்பார். அந்த ஒரு வருகைக்காக இவர் முந்தைய வாரமே திரைச்சீலைகளைத் துவைத்து உலர்த்துவார். இந்த ஆண்டு அந்த அம்மையார் வந்த மாலையில் நானும் உடனிருந்தேன். கொடுத்த காப்பி அவர் கையிலேயே ஆறியது.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அவரா இறங்கினாரா, நீங்க இறக்கிவிட்டீங்களா?"

"ஏம்மா, இப்பப் போய்?"

"பையன் கேக்கிறான். கைக்குழந்தையை விட்டுட்டு யாரோ ஒருத்தருக்காக இறங்கிப் போனவருக்கு நான் எதுக்கு விளக்கேத்தணும்ங்கிறான். வாயை மூடுடான்னு அதட்டினேன். ஆனா எனக்கும் உள்ளுக்குள்ள அதே கேள்விதான் அண்ணா."

விமானி ஆறிய காப்பியை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"நான்தாம்மா இறக்கிவிட்டேன். புள்ள முகத்தைப் பாக்கணும் சார்னு கெஞ்சினான். நான் காதுலயே போட்டுக்கல."

பேச வாயெடுத்தேன். விமானி என் முழங்கையை இறுகப் பற்றினார்.

"கெஞ்சினாரா?" என்று அந்த அம்மையார் தமக்குள் இருமுறை சொல்லிக்கொண்டார். அழுதார், நெடுநாள் அடைத்திருந்தது உடைந்தாற்போன்ற அழுகை. பின்னர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இனி நான் இங்க வரமாட்டேன், சார்."

எங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டு இருண்டிருந்தது. அங்குள்ள விளக்கு, பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் எரிந்து தானாக அணைந்துவிடும் வகை. விமானி வாசலுக்கு வந்து, கீழ்க்கதவு சாத்தும் ஓசை கேட்கும்வரை, விளக்கை அணையவிடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றார்.