பிள்ளையோடு போன சீனி

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இலவச மருத்துவ முகாம். என்னிடம் படித்த பிள்ளைகள் நடத்துகிறார்கள் என்று, பெயர் பதிந்து கொடுக்க நானும் போயிருந்தேன். இடம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் புள்ளக்காம்பரா. அங்கே வரிசையில் நின்றது யார் தெரியுமா? முழுக்க ஆம்பிளைகள்.

முதல் ஆள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். பிரஷர் பார்த்தார். விரலில் குத்திச் சீனி பார்த்தார். எல்லாம் நல்ல ரிசல்ட். போக வேண்டியதுதானே? போகவில்லை. ஒரு பிளேன்டீயும் பணிஸும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"சாப்பிட்டா எம்புட்டு ஏறுதுன்னு ஒருக்கா பாருங்க மிஸ்ஸி" என்றார் தாதியிடம்.

அவரைப் பார்த்து அவருடைய ஆட்களும் அப்படியே செய்தார்கள். பிறகு ஜன்னலோரம் நின்று, பரீட்சை மார்க்ஸ் மாதிரி நம்பர்களை ஒப்பிட்டுக்கொண்டார்கள். வெட்கம், மானம்... சரி, விடுங்கள்.

அந்தப் பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தவர் தலைவரின் மனைவி பரமேஸ்வரி. விடிந்ததிலிருந்து அடுப்படியில்தான் நின்றார். அவருடைய இளைய மகள் நாலாம் வகுப்பில் என்னிடம் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் மகளைப் பற்றியே பேசியிருக்கிறேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கு என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன். கூட்டம் குறைந்ததும் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தேன்.

"புள்ள வயித்துல இருந்தப்ப சீனி, பிரஷர் ஏதும் இருந்துச்சா அக்கா?" என்று தாதி கேட்டார்.

பரமேஸ்வரி வாயைத் திறக்குமுன் தலைவர் பதில் சொன்னார். "சின்னவ வயித்துல இருந்தப்ப சீனி இருந்துச்சுங்க. அது புள்ளைக்கு வந்த சீனி. புள்ள பொறந்ததும் போயிருச்சு."

என்ன அறிவு பாருங்கள். குழந்தை பிறந்ததும் சீனியும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாம்.

தாதி பொறுமையாக விளக்கினார். பிரசவத்தோடு சீனி இறங்கலாம். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்; பிரஷரும் ஏறலாம். அதனால் விடாமல் சோதிக்க வேண்டும். தலைவர் தலையை ஆட்டினார் — சங்கக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு ஆட்டுவது போல.

பிரஷர் பார்த்தார்கள். நூற்று அறுபதுக்கு மேல்.

"மேட்டுல ஏறி வந்தா, அதான்" என்றார் தலைவர். அடுப்படிக்கும் நாற்காலிக்கும் நடுவில் எந்த மேடு? கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார்கள். இறங்கவில்லை.

சரி, சீனி பார்க்கலாம் என்றால்... இரத்தம் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது. ஐயாமார் ரெண்டு ரெண்டு தடவை பார்த்ததில் தீர்ந்துவிட்டது. பத்திரிகையில் எழுத முடியாததை எல்லாம் அன்று அங்கே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, பரமேஸ்வரியை வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். தலைவரும் கூடவே வந்தார். ரிசல்ட் வந்தது. பிரஷர் இருக்கிறது, சீனி வருத்தமும் இருக்கிறது. முப்பத்தாறு வயது.

"இத்தனை வருஷமா ஒரு தடவைகூட ஏன் வந்து பார்க்கல?" என்று கேட்டார் டொக்டர்.

தலைவர் முந்திக்கொண்டார். "யாரும் சொல்லலீங்களே டொக்டர். சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்போம்ல."

பரமேஸ்வரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. டொக்டரைப் பார்த்துச் சொன்னார்.

"புள்ள பொறந்தப்பவே சொன்னாங்க டொக்டர். ஆறு வாரத்துல ஒருக்கா, அப்புறம் வருஷா வருஷம் வரச் சொன்னாங்க. நான் இவருகிட்ட சொன்னேன். மறுவருஷமும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் சொல்றத விட்டுட்டேன்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

காதுக்கும் அதே ஆஸ்பத்திரியில் ஒரு கிளினிக் இருக்கிறது, தலைவரே. வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு.