ஞாயிறு காலை நேரலையில் ஜெசிந்தா அக்கா

மின்ரயில் நெமிலிச்சேரியைத் தாண்டும்போது திலீபன் கைப்பேசியில் அழைத்தார். எங்கள் பழைய கேபிள் சேனலின் ஒளிப்பதிவாளர் அவர். "ஜெசிந்தாக்கா போய்ட்டாங்கபா. தூக்கத்துலயே. ஆவடி ஊட்லதான் வெச்சிகீறாங்க." அம்பத்தூரில் இறங்க வேண்டிய நான் ஆவடியிலேயே இறங்கிவிட்டேன்.

அக்காவை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் "டிவி நர்சம்மா" என்று நின்று பேசியவர்கள் நீங்கள். செவிலியர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, எங்கள் சேனலில் குடும்பக் கட்டுப்பாடு நிகழ்ச்சியை நடத்த வந்தார். தயாரிப்பாளர் நான். அதுவரை அது வார நாள் மத்தியானங்களில் யாரோ ஒரு டாக்டர் எழுதிவைத்ததைப் படிக்கும் நிகழ்ச்சி. அக்கா வந்ததும் நேரத்தை மாற்றச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம காலையில போடுங்க தம்பி. ஆம்பளைங்க ஊட்ல இருப்பாங்க, ரிமோட்டும் அவங்க கையிலதான் இருக்கும். அவங்ககிட்ட பேசாம வேற யார்கிட்ட பேசறது?"

நேரலையாகவே ஒளிபரப்பினோம். ஒரு ஞாயிறு, சென்னீர்குப்பத்திலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் கோபமாக அழைத்தார். "இன்னாம்மா, ஆம்பளைய ஆபரேசன் பண்ணிக்க சொல்ற? அப்பால வண்டி ஓட்ட தெம்பு இருக்குமா? உன் ஊட்டுக்காரரு பண்ணிக்கினாரா?"

இணைப்பைத் துண்டிக்கச் சைகை காட்டினேன். அக்கா வேண்டாமென்று தலையசைத்தார். "நல்ல கேள்வி அண்ணாத்தே. அதுக்கு அவர்தான் பதில் சொல்லணும். கேட்டுப் பாக்கறேன். அவர் சம்மதிச்சா அடுத்த வாரம் இங்கயே வருவாரு."

அவருடைய கணவர் செல்வராஜ் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் இயந்திரம் ஓட்டியவர். கேமரா என்றாலே ஒதுங்கிப்போகிற மனிதர். "பட்டறையில கலாய்ப்பானுங்க, சர்ச்சுல கேப்பாங்க" என்று முதலில் மறுத்தாராம். அக்கா வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவரே சட்டையை இஸ்திரி போட எடுத்தார் என்று அக்கா பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த ஞாயிறு நேரலையில் செல்வராஜ் கேமரா முன்னால் உட்கார்ந்தார். "ரெண்டாவது பிரசவத்துல இவ பொழைச்சதே பெருசு. மறுபடியும் இவளையே டேபிள்ல படுக்கவெக்க எனக்கு மனசு வரல. நான் பண்ணிக்கினேன். கொஞ்ச நாள் வெயிட்டு தூக்கல. அப்பால அதே லேத்து, அதே வேலை. தெம்பு ஒண்ணும் கொறையல."

"டெஸ்ட் பண்ணினதைச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"ஆமா. மூணு மாசம் கழிச்சு விந்துல உயிரணு இல்லன்னு டெஸ்ட்டு பண்ணி பாத்தாங்க. அது வரைக்கும் ஆணுறை போட்டுக்கினேன்" என்று கேமராவைப் பார்த்தே சொல்லிவிட்டு, காது சிவக்க உட்கார்ந்திருந்தார். திலீபன் படம்பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டறையில் சில நாள் கேலி இருந்தது. பிறகு அதே ஆட்களில் இரண்டு பேர் தேநீர் இடைவேளையில் அவரைத் தனியே அழைத்து விசாரித்தார்கள். லாரி ஓட்டுநரும் அழைத்தார், இம்முறை அலுவலக எண்ணுக்கு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கேட்டார்.

இன்னொரு வாரம் ஒரு மாமியார், "என் மருமக ஆபரேசனுக்கு ஒத்துக்க மாட்டேங்கறா, நீ சொல்லும்மா" என்றார். அக்கா மருமகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் தயங்கி, இன்னொரு குழந்தை வேண்டும் என்றாள். "அப்ப ஆபரேசன் வேணாம்மா. கொஞ்சம் இடைவெளி விடணும்னா அதுக்கு வேற வழிங்க இருக்கு" என்று ஒவ்வொன்றாக விளக்கினார் அக்கா. சேனல் முதலாளிக்குக் கோபம். குடும்பக் கட்டுப்பாட்டு நிகழ்ச்சியில் பிள்ளை பெறச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

"வேணும்னு நெனச்சு பெத்துக்கறதும் குடும்பக் கட்டுப்பாடுதான் சார்" என்றார் அக்கா. முதலாளி நிகழ்ச்சியைத் தொடரவிட்டார். நிகழ்ச்சி பல ஆண்டுகள் ஓடியது.

ஆவடி வீட்டில் செல்வராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பேசுவா, இல்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அக்காவை அடக்கம் செய்த வாரம், சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "அப்பா, ரெண்டு வருஷத்துக்கு குழந்தை வேணாம்னு நாங்க பேசிக்கிட்டோம்." என் அப்பாவாக இருந்திருந்தால் தட்டோடு எழுந்து போயிருப்பார். நான், "ரெண்டு பேருமா போய் டாக்டரைப் பாருங்கம்மா, எது ஒத்துவரும்னு கேளுங்க" என்றேன். என் மனைவி ரசம் ஊற்றினாள். மூவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம். ஜெசிந்தா அக்கா எனக்கு விட்டுச்சென்றது இந்தப் பேச்சைத்தான்.