பிஸ்கட் தின்ற கடல்

ஆய்வகத்தில் அவருக்குச் சேற்றண்ணன் என்று பெயர். கடலடியிலிருந்து நீளக் குழாய்களில் அள்ளி வந்த சேற்றை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைக் குளிரறையில் பூட்டிவைத்துவிட்டு, மறுபாதியை வில்லை வில்லையாக அறுப்பது அவர் வேலை. அவர் கத்தி பிடித்தால் கோடு போட்டதுபோல் இறங்கும். வாய்தான் சும்மா இருக்காது. பேச ஆள் இல்லாவிட்டால் பிஸ்கட்.

சேற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். மேலே கடல் செழித்தால் பாசி பெருகும், செத்து அடியில் படியும், சேற்றில் கரிமம் கூடும். கீழே போகப் போகப் பழைய காலம். "எங்க வீட்டுக் குப்பைக்கூடையக் கெளறினா நாங்க என்ன தின்னோம்னு தெரியாதா? அதே கதைதான்" என்பார்.

ஆய்வகத் தலைவிக்கு அவர் கத்தியைப் பிடிக்கும், வாயைப் பிடிக்காது. "இன்னொரு தடவ இங்க தின்னதாத் தெரிஞ்சுது, கத்திய வாங்கிட்டு பாட்டில் கழுவ அனுப்பிடுவேன்" என்று எச்சரித்திருந்தார்.

ஒருநாள் காலை அந்த அம்மாள் ஒரு வரைபடத்தோடு ஓடிவந்தார். ஒரேயொரு வில்லையில் மட்டும் கரிமம் மலைபோல் எழும்பி நின்றது.

"அண்ணே, பாருங்க! அந்தக் காலத்துல கடல் விருந்தே சாப்பிட்டிருக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் மட்டும் தட்டவில்லை. அறுத்த அன்று வாயில் பிஸ்கட்டை அடக்கிக்கொண்டு அவர் தும்மியது அந்த வில்லையின்மேல்தான்; பிஸ்கட்டிலும் கரிமம்தானே. கண்ணுக்குத் தெரிந்த தூளைக் கத்திமுனையால் தட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக இருந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "குளிரறைல இருக்குற பாதியில அதே இடத்த அறுத்துப் பாத்தா குட்டு உடைஞ்சிடும். ஆனா அதத் தொட மேடம் கையெழுத்து வேணும்."

"ஏன்னு கேப்பாங்களே?"

"கேப்பாங்க. சொன்னா பாட்டில்தான்."

"சொல்லாட்டி?"

"கடல் பிஸ்கட் தின்னது புத்தகத்துல ஏறிடும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "க்ரீம் வெச்சதா, வெக்காததான்னும் சேத்து எழுதச் சொல்லுங்க!" சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "அந்தம்மா அத நம்பி நாலு பேர் முன்னால பேசுவாங்கல்ல? போயிச் சொல்லிடுங்க."

மறுநாள் சொன்னார். தலைவி வரைபடத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"நீங்களே அறுங்க. நான் பக்கத்துல நிப்பேன். மொதல்ல வாயத் தொறந்து காட்டுங்க."

பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் அகலத் திறந்து காட்டினார். அறுத்தார். அந்தச் சேற்றைக் காயவைத்து அளந்ததில் மலை இல்லை. சின்ன மேடுதான் மிச்சம்.

"விருந்தெல்லாம் இல்லண்ணே. ஏதோ சாப்பிட்டிருக்கு."

"பட்டினி கெடக்கலியே மேடம், அதுவே போதாதா?"

தலைவி சிரிக்கவில்லை. வரைபடத்திலிருந்த மலையைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். கத்திக்காகக் கையை நீட்டினார். "மூணு மாசம் பாட்டில்."

அண்ணன் கத்தியைத் துடைத்துக் கொடுத்தார். "அதுவரைக்கும் யாரு அறுப்பா?"

"யாரும் இல்ல. பல்லாயிரம் வருஷம் கெடந்த சேறு, மூணு மாசம் கெடக்காதா?" என்று கத்தியைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.