சோதனைத் தாளில் இல்லாத குரல்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சென்ற ஆண்டு எல்லாக் கணினிகளிலும் இயங்குதளத்தைப் புதுப்பிக்க முடிவு செய்தார்கள். கூடவே, திரையில் எல்லாவற்றையும் வரைந்து காட்டும் அமைப்பும் புதிதாக வந்தது. மூன்று கணினிகளில் போட்டுச் சோதிக்கச் சொன்னார்கள். எழுத்துகள் கூர்மையாக இருந்தன, ப்ரொஜெக்டர் உடனே இணைந்தது. சோதனைத் தாளில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டேன்.

மறுநாள் வரலாற்றுத் துறைப் பேராசிரியை வந்தார். நாங்குநேரியிலிருந்து பஸ்ஸில் வருபவர், பார்வை கிடையாது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டுக்கொண்டே வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அவரே தயாரிப்பார். சோதனைக்காகப் புதுப்பித்த மூன்றில் ஒன்றின் முன் உட்கார்ந்து காத்திருந்தார்.

“ஆன் பண்ணலியா சார்? ஒண்ணும் பேச மாட்டுக்கே.”

கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடவுச்சொல் கேட்டு நின்ற திரை அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான்தான் அடித்துக் கொடுத்தேன். பிறகு குரல் வந்தது. வந்ததை நிறுத்த முடியவில்லை. நிறுத்தும் விசையை அவர் அழுத்த அழுத்த, அது பக்கம் முழுவதையும் ஒப்பித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

எனக்கு முகம் கன்றிப்போயிற்று. அத்தனை கட்டங்களில் குரலுக்கென்று ஒரு கட்டம் இல்லை. அது இல்லாததை நானும் கவனிக்கவில்லை.

மேம்பாட்டைச் செய்ய வந்திருந்த ஒப்பந்த நிறுவனத்துப் பொறியாளரிடம் சொன்னேன்.

“ஒருத்தங்களுக்குத்தானே பிரச்சினை, அண்ணாச்சி? மத்தவங்க எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாங்க. சோதனைத் தாள்ல கையெழுத்தப் போட்டுக் குடுங்க.”

நான் எழுந்து போய் அவருடைய மானிட்டரின் கேபிளைப் பிடுங்கினேன். “இப்ப பாஸ்வேர்டு போட்டு உள்ள போயி ஒரு லெட்டர் அடிங்க. கையெழுத்துப் போடுதேன்.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கறுத்த திரையைப் பார்த்தபடி இரண்டு விசைகளைத் தட்டினார், கையை எடுத்துக்கொண்டார்.

என்னோடு வந்திருந்த பேராசிரியைதான் பேசினார். “அவரச் சொல்லி என்ன சார். பதினோரு வருசமா என் வேலைய நானே செய்யுதேன். இனிமே உள்ள போறதுக்கே ஆளக் கூப்பிடணுமா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

நிர்வாகத்துக்கு எழுதினேன். எழுதியதற்குப் பதில் வரும் முன்பே மற்றக் கணினிகளை எல்லாம் மாற்றிவிட்டார்கள். அவருடைய ஒன்றை மட்டும் நான் தொடவிடவில்லை. பழைய அமைப்பிலேயே அது இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது. அடுத்த பதிப்பில் பழைய அமைப்பே இருக்காது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது அவர் கேட்டது, “செஞ்சவங்க ஒரு தடவயாவது கண்ண மூடிட்டுப் பாத்தாங்களா சார்?” என்றுதான். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு குறையையும் சேர்த்து, அந்தப் புதிய அமைப்பை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பினோம். கடிதத்தின் கீழே முதல் கையெழுத்து அவருடையது.