எங்கள் கரையின் வெள்ளைச் சிஸ்டர்

காபோலிக் சவர்க்காரத்தின் நெடி எங்கேயாவது மூக்கில் ஏறினால், அதற்குப் பின்னாலேயே வெயிலில் காயும் கருவாட்டின் மணமும் எனக்கு வந்துவிடும். வடமராட்சிக் கரையில் எங்கள் வளவுக்குப் பக்கத்திலிருந்த சின்ன மருந்துச்சாலையில் இந்த இரண்டு மணமும் எப்போதும் ஒன்றாகவே இருந்தன. அதை நடத்தியவர் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி சிஸ்டர் பெர்னாடின். அந்தப் பெயர் வாய்க்குள் புரளாததால் ஊர் அவரை "வெள்ளைச் சிஸ்டர்" என்றது.

நாங்கள் எல்லோரும் கடலோடிச் சைவக் குடும்பங்கள். சிஸ்டர் வந்த புதிதில், கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவாரோ என்று பயந்து பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்களும் உண்டாம். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அந்தப் பயம் போய்விட்டிருந்தது. யாருக்காவது பிள்ளைப்பேற்றுக்கு வயிற்றுக்குத்து என்றால், அங்கியின் ஓரத்தைக் கிளிப் போட்டு ஒதுக்கிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்குவார். எங்கள் பெண்களிடமே தமிழ் கற்றவர் என்பதால், பட்டணத்துக் கத்தோலிக்கச் சுவாமிமாரிடமும் கரைப் பேச்சிலேதான் கதைப்பார். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மாரியில் ஊரெங்கும் "நெருப்புக் காய்ச்சல்" என்று நாங்கள் சொல்லும் டைபாய்டு வந்தது. என் தம்பியும் படுத்துவிட்டான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி வீடு வீடாக அலைந்து, பிள்ளைகளுக்கு ஈரத்துணி போட்டு, தம்பியை எழுப்பி உட்காரவைத்த சிஸ்டர் கடைசியில் தானே விழுந்தார். மடத்துத் தலைவி காரில் வந்து அவரைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த "மதர்" யாழ்ப்பாணத்துப் பெண், அதிகம் பேசாதவர்.

அன்றிலிருந்து எங்கள் பெண்கள் முறை வைத்து பஸ் ஏறினார்கள். நெல்லியடியில் பஸ் மாறி, பார்லிக் கஞ்சியும் இளநீரும் கொண்டு போவார்கள். அம்மாவின் முறை வந்த ஒருநாள் நானும் கூடப் போனேன். தலைமயிர் கொட்டி, முகம் ஒட்டி, சிஸ்டர் ஒரு சின்னப்பிள்ளையைப்போலக் கிடந்தார். எங்களுக்குப் பின்னால் மதர் வந்தார். இந்த உடம்பு இனிமேல் இந்த வெக்கையைத் தாங்காது, கப்பலுக்கு ஒழுங்கு செய்கிறேன், ஊருக்குப் போய் ஆறியிருக்கலாம் என்று அன்பாகத்தான் சொன்னார்.

கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்த ஒருவருக்கு மறுத்துப் பேச இடமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. சிஸ்டர் மெல்லச் சொன்னார்: "போகச் சொன்னா போவன், மதர். என்ரை விருப்பத்தைக் கேட்டா, இருக்கிறன் எண்டு சொல்லுவன்."

மதர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பெரிய ஆட்களுக்கு முன்னால் வாய் திறவாத என் அம்மா, கஞ்சிப் பாத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, "நாங்கள் பார்ப்பம், மதர். எங்கடை பிள்ளையளைப் பார்த்தவ தானே" என்றார்.

மதர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "சரி, கேக்கிறன். இருக்கிறியளோ?" என்றார்.

"ஓம்."

மாசி பிறந்ததும் சிஸ்டர் மொட்டைத்தலையில் முக்காட்டோடு திரும்பி வந்தார். அம்மாவும் மற்றப் பெண்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவர் சைக்கிளைத் தொடாதபடி மாதக்கணக்கில் காவல் இருந்தார்கள். அதன்பிறகு ஒரேயொரு தடவை விடுமுறையில் அயர்லாந்து போனார். குளிர் தாங்க முடியவில்லை என்று சொல்லி விடுமுறை முடியுமுன்னே வந்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவர் பிறகு எழும்பவில்லை. கடற்கரைக் கத்தோலிக்கக் கோவிலின் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். செத்தவீட்டில் படலையோடு நின்றுவிடுவதுதான் எங்கள் பெண்களின் வழக்கம், சுடலைக்குப் போவதில்லை. அன்று எல்லோரும் குழி வரைக்கும் நடந்தோம், ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டோம். வீட்டுக்கு வந்த அம்மா கிணற்றடியில் தோய்ந்துவிட்டுத்தான் உள்ளே அடியெடுத்து வைத்தார். சொந்தத்தில் ஒருவர் போனால் செய்வதைப்போலவே எட்டாம் நாள் "எட்டுச் செலவு" செய்து, சிஸ்டருக்குப் பிடித்த கணவாய்க் கறியும் பிட்டும் படைத்தார். முதிர்ந்து தளர்ந்திருந்த மதரும் வந்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, எங்களோடு நிலத்தில் இருந்து சாப்பிட்டார்.

மருந்துச்சாலை இருந்த இடத்தில் இன்று அத்திவாரக் கல் மட்டும் கிடக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் இப்போது ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள், அது நல்லதுதான். கல்லறைச் சிலுவையிலிருந்த பெயரை உப்புக்காற்று தின்றுவிட்டது, அன்று மண் போட்ட பெண்களிலும் சிலர்தான் மிஞ்சியிருக்கிறோம். அந்தப் பக்கம் போகும்போது பேரப்பிள்ளைகள் இது ஆர் என்று கேட்பதுண்டு. "எங்கடை ஆள்" என்று சொல்லிவிட்டு நடக்கிறோம்.