இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பும்போது

கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வை சோதிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே இருட்டறை, அதே முக்காலி, "இது தெளிவா, இல்ல இதுவா?" என்ற அதே கேள்வி. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான்.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனபோது, அதற்கப்பால் இருந்த புதர்க்காட்டில் ஓர் இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் பச்சோந்தி. ஒரு காலை முன்னால் வைப்பதும், யோசித்துப் பின்னால் இழுப்பதுமாக, இலை அசைவதைப் போலவே நடந்தது. அக்காவை அங்கேயே நிறுத்தியது அதன் கண்கள்தான். ஒன்று அவரை உற்றுப் பார்த்தது. மற்றொன்று வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. மாறுகண் உள்ளவர்கள் எத்தனையோ பேரைச் சோதித்தவர், இரண்டு கண்ணும் ஆளுக்கொரு வேலையாக அலைவதை அன்றுதான் பார்த்தார். உள்ளே நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள்.

மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற பழைய கேமரா பீரோவில் கிடந்தது. ஞாயிறுதோறும் அதை எடுத்துக்கொண்டு அந்தப் புதர்க்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். பஸ் ஓட்டுநரான கணவருக்கு இது வேடிக்கை. பச்சோந்தி இவளைப் பற்றித் தன் வீட்டில் போய் என்ன சொல்லுமோ என்பார்.

காலையில் அது கிட்டத்தட்டக் கறுப்பாக, உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற வெளிறிய பச்சைக்கு வரும். ஒருமுறை இன்னொரு ஆண் பச்சோந்தி அதே கிளைக்கு வந்துவிட்டது. இரண்டும் உப்பிப் புள்ளி புள்ளியாகப் பளிச்சென்று ஆயின. பிறகு தோற்றது மட்டும் மங்கிப்போய் இறங்கி நடந்தது. ஒளிந்துகொள்ளத்தான் நிறம் மாறும் என்று நினைத்திருந்த அக்காவுக்கு இது புதுச் சேதி. மூன்று முறை கட்சி மாறிய கொழுந்தனாரைப் பச்சோந்தி என்று திட்டுவதை அன்றோடு விட்டார். "இது உள்ளதைத்தாங்க காட்டுது. அவரைப் போயி இதோட சேக்கலாமா?" என்றார் கணவரிடம்.

நாக்குதான் படத்தில் சிக்கவில்லை. பூச்சி இருக்கும், வாய் மூடியிருக்கும். அடுத்த படத்தில் பூச்சி இருக்காது, வாய் மூடியே இருக்கும். இப்படி இருநூறு படம். கேமரா கடைக்காரர் புதுசு வாங்கச் சொன்னார். அக்கா வாங்கவில்லை. ஒரு ஞாயிறு கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, முக்காலியோடு போய் வெறுமனே உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் கழித்து ஒரு வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது. ஒரு கண் அதைக் கண்டுகொண்டது. மற்றது இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் மெல்லத் திரும்பி முன்னால் வந்தது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் நின்றன. வாய் லேசாகத் திறந்தது. அடுத்த கணம் வெட்டுக்கிளியைக் காணவில்லை.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தவர், "கண்ணு ரெண்டும் சேர்றப்பவே விரலைத் தயாரா வச்சுக்கணுங்க. வாய் திறந்தா அமுக்கணும்" என்று மூச்சிரைக்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு கணவரும் கூடப் போனார். நான்காவது பூச்சிக்குப் படம் விழுந்தது. கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் உடம்பைவிட நீளமான நாக்கும், அதன் நுனியில் ஒட்டிய வெட்டுக்கிளியும் இருந்தன.

"இவ்வளவு நீளத்தை எங்க மடிச்சு வச்சிருக்கும்?" என்று கேட்ட கணவர், கேமராவைத் திருப்பித் தர மனமில்லாமல் வைத்திருந்தார்.

மறுநாள் அக்கா டாக்டரிடம் படத்தைக் காட்டி, தூரத்தை அளக்கத்தான் இரண்டு கண்ணும் சேருகின்றனவா என்று கேட்டார். டாக்டர் படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒத்தைக் கண்ணாலயே தூரம் அளந்துடும்னு படிச்சிருக்கேன்க்கா. கேமரா ஃபோகஸ் பண்ற மாதிரி."

"அப்ப ரெண்டாவது கண்ணு எதுக்கு டாக்டர் வருது?"

"தெரியலக்கா."

அக்காவுக்கு அந்தப் பதில் ஏனோ ரொம்பப் பிடித்திருந்தது. முதல் நோயாளியைக் கூப்பிட்டார். ஞாயிறு வர இன்னும் ஆறு நாள் இருந்தது.