சாவு வீட்டு மாத்திரைகள்

ஷிஜி மேல் நேசையனுக்கு ஆறு வருஷத்துக் கோபம். கிழக்கேகோட்டையில் மருந்துக்கடையில் நிற்கிற பெண் அவள். மழையில் நனைந்துகொண்டு அவள் கை நீட்டினாலும் நேசையன் ஆட்டோவை நிறுத்த மாட்டான். கண்ணாடியைக்கூடத் திருப்பிப் பார்க்க மாட்டான்.

காரணம் ஒரு காலி மாத்திரை அட்டை. அக்கா லீலாபாய் கொடுத்துவிட்ட அட்டையைக் கடை மேசைமேல் வைத்து, இதில் பத்து எடு என்றான். ஷிஜி அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டாள். இது கிருமி மருந்து, சீட்டில்லாமல் தரக்கூடாது என்றாள். அவனுக்குச் சுருக்கென்று வந்தது.

"எங்க அக்கா சொன்னதாக்கும். அவ சிஸ்டர்," என்றான்.

"எந்தக் காலேஜ்ல படிச்ச சிஸ்டர், அண்ணா?"

பின்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை நேசையன் அவள் கணக்கில்தான் வைத்தான்.

லீலாபாய் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பாறசாலைப் பக்கம் நாலாங்கிளாஸோடு நின்றவள். கல்யாணம் கட்டியவன் வெளிநாட்டுக்குக் கொத்துவேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பிள்ளை இல்லை. முப்பது வயதில் திருவனந்தபுரம் வந்தாள். ஏஜென்சிக்காரர்கள் ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு 'ஹோம் நர்ஸ்' என்றார்கள். படுக்கையில் விழுந்த வயசாளிகளை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்க்கிற வேலை. புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மலம் துடைக்க வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், மாத்திரையை வேளை தவறாமல் வாயில் போட வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் பதினேழு பேரைக் கடைசிவரை பார்த்து அனுப்பினாள். வீட்டுக்காரர்கள் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

ஆள் போய்விட்டால் மறுநாளே அந்த அறையை ஒழிக்கச் சொல்வார்கள். கட்டில், மூத்திரப் பாத்திரம், ரப்பர் விரிப்பு எல்லாம் போகும். கடைசியாக ஒரு பையில் மிச்ச மாத்திரைகள் அவள் கைக்கு வரும். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பட்டாபி மாமாவை மூன்று வருஷம் பார்த்தாள். அவர் போன மூன்றாம் நாள் லலிதாம்பாள் மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பெத்த பொண்ணு கூட இத்தனை பண்ணமாட்டா, லீலா. இதை எல்லாம் எடுத்துண்டு போயிடு. இதைப் பாத்துண்டு என்னால இருக்க முடியாது."

லீலாபாய் பையைக் கொட்டிப் பிரிப்பாள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நெஞ்சு மாத்திரை எல்லாவற்றையும் தூர எறிவாள். அது ஆளை மாறினால் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். தேதி கழிந்ததையும் வைக்க மாட்டாள். கிருமி மாத்திரையை மட்டும் எடுத்து வைப்பாள். அது கிருமியைத்தானே கொல்லும், மனுஷனை என்ன செய்யும் என்பது அவள் கணக்கு.

கரமனை ஆற்றோரம் அவர்கள் குடியிருந்த வரிசையில் தொண்டைவலியோ கட்டியோ காதுவலியோ வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு லீவு. கோயிலில் ஜெபம் முடிந்து வெள்ளைச் சேலையோடு வருகிறவளை வாசலிலேயே மறித்து, சிஸ்டரக்கா என்பார்கள். இரண்டோ மூன்றோ கொடுப்பாள். வலி நின்றால் நிறுத்திவிடச் சொல்வாள், மிச்சத்தைத் திருப்பி வாங்கி அடுத்தவருக்கு வைப்பாள். வீணாக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆறாங்கிளாஸில் தோற்றுப்போன நேசையன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே இதைப் பார்ப்பான். தன் குடும்பத்திலும் ஒரு ஆள் சிஸ்டர் என்று நெஞ்சு நிறையும். ஷிஜியின் கேள்வி அங்கேதான் குத்தியது.

லீலாபாய்க்கும் ஒரு உபத்திரவம் இருந்தது. நோயாளியை விட்டு எழுந்து போக முடியாது என்று அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தாள். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வரும். நாலு மாத்திரை விழுங்குவாள். எரிச்சல் அடங்கும். திரும்ப டூட்டி. பையில் தீர்ந்துபோனால் காலி அட்டையை நேசையனிடம் கொடுப்பாள். ஷிஜி கொடுக்காத அன்றைக்கு அவன் வீம்புக்கு பஸ் ஏறிக் களியக்காவிளைக்குப் போனான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் அட்டையைப் பார்த்தார்கள், கொடுத்தார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதை தெரிந்த ஆட்கள் என்று வீட்டில் வந்து சொன்னான். அதற்குப் பிறகு ஆறு வருஷமும் அங்கேதான் வாங்கினான்.

இந்த ஐப்பசித் துலாமழையில் கடுப்போடு குளிரும் முதுகுவலியும் வந்தது. நாலு போட்டாள், கேட்கவில்லை. வேறு நிறத்தில் நாலு போட்டாள், அதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் அப்படியே வேலைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு கிழவியைத் தூக்கி உட்கார வைக்கக் குனிந்தவள் அந்தக் கட்டிலடியிலேயே விழுந்தாள். நேசையன் தன் ஆட்டோவிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். சின்ன வயசு. நேசையன் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான், அக்காவின் படிப்பைக் காட்டுகிற மாதிரி. டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்துக் குறித்துக்கொண்டாள். ஏசவில்லை. ரத்தத்திலும் மூத்திரத்திலும் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க மூன்று நாள் ஆகும், அதுவரை ஒரு மருந்து ஏற்றுகிறோம் என்றாள்.

வெள்ளிக்கிழமை காகிதம் வந்தது. மேலிருந்து கீழே மருந்துப் பேர்கள். பக்கத்தில் ஒரே எழுத்து, R, R, R என்று இறங்கிக்கொண்டே போனது. வண்டி நம்பர் படிக்கிறவனுக்கு அந்த எழுத்து தெரியும். நல்லதா கெட்டதா என்பதுதான் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னாள். அந்த மருந்துக்கெல்லாம் இந்தக் கிருமி சாகாது. அரையும் குறையுமாக மருந்து போகும்போது, சாகாமல் மிஞ்சினதுதான் பெருகும். வருஷக்கணக்காக அப்படிப் பெருகியிருக்கிறது. அடியில் ஒரே ஒரு மருந்துக்கு S போட்டிருந்தது, அதற்குச் சாகும். ஆனால் கிட்னி ஏற்கெனவே நின்றுவிட்டது.

அந்த ஒரு மருந்து ஆஸ்பத்திரிக் கடையில் தீர்ந்திருந்தது. சீட்டை வைத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கினான். ஐந்தாவது ஷிஜியின் கடை. அவள் சீட்டைப் படித்தாள், ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய் எடுத்துவந்தாள். கிருமி மருந்து போடுகிற நீலக் கவரில் வைத்துக் கட்டினாள்.

"யாருக்கண்ணா?"

"அக்காவுக்கு."

அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றான். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்தக் காலேஜ் என்று திரும்பக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சீக்கிரம் கொண்டுபோங்க என்று மட்டும் சொன்னாள்.

மருந்து ஏறியது. அதற்குள் நேரம் கடந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயில் விடுகிற நேரத்துக்கு லீலாபாய் போனாள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டார்கள். மூச்சுக்குக் குழாய் வைக்கப் போகிறோம், அப்புறம் பேச முடியாது, ஏதாவது பேசணும் என்றால் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் முகம் வீங்கியிருந்தது. ரிப்போர்ட்டில் என்னடே என்று கேட்டாள். நேசையனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. நம்ம மாத்திரை எதுவும் கேட்காது என்று எழுதியிருக்கிறது அக்கா, மிச்சம் மிச்சமாகத் தின்றதால்தானாம் என்றான். களியக்காவிளையில் வாங்கினது நான்தானே என்றான். அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பதினேழு பேர் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்குத் தன் காரியத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் நினைப்பு வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எடே, அடுத்த வீட்டு அஞ்சுக்க பிள்ளைக்குக் காதுவலின்னு போன ஞாயிறு வந்தா. நாலு குளிகை குடுத்தேன். ரெண்டு மிச்சம் இருக்கும்."

"செரி அக்கா."

"இப்பமே போ. அத வாங்கிரு. பிள்ளைய டாக்டர்ட்ட கொண்டுபோகச் சொல்லு. அவங்க எழுதினா எழுதின நாள் முழுக்கக் குடுக்கணும், வலி நின்னாலும் நிறுத்தப்பிடாது. அந்த வரிசையில யாருட்டெல்லாம் என் குளிகை இருக்கோ, எல்லாத்தையும் வாங்கிரு."

தலையாட்டினான். நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். லீலாபாய் இன்னும் அவன் சட்டையை விடவில்லை.

"அஞ்சுவ ஏசப்பிடாது, கேட்டியா. தந்தது நானாக்கும்."